பயிற்சிக்கு வைத்திருந்த சீசியம்: லிலோ முகாமில் நடந்தது என்ன

ஒரு ராணுவம் விட்டுப்போன முகாமுக்குள் இன்னொரு ராணுவம் குடியேறினால் உள்ளே என்ன கிடக்கும் என்பது கிட்டத்தட்ட தெரிந்த விஷயம்தான். சக்கரம் கழற்றிய லாரி, துருப்பிடித்த டாங்கி, பூட்டு உடைந்த கிடங்கு. அதிர்ஷ்டம் இருந்தால் பயிற்சிக் கூடம் ஒன்று அப்படியே இருக்கும்: இரும்புச் சட்டத்தின் மேல் பொருத்திய டாங்கிக் கோபுரம், உள்பாகம் தெரிவதற்காக வெட்டி வைத்த எஞ்சின், வெடிமருந்து இல்லாத போலிக் குண்டுகள், சுவரில் ஒட்டிய வரைபடங்கள். சோவியத் டாங்கிகள் போகாத கண்டம் குறைவு என்பதால் இந்த மாதிரிக் கூடங்களும் பல நாடுகளில் உண்டு. அப்படி ஒரு கோபுரத்தைப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகிப் பார்க்காமல் வருவது இருபது வயதுச் சிப்பாய்க்குக் கஷ்டம்.

அதில் பெரிய ஆபத்தும் இல்லை. போலிக் குண்டு வெடிக்காது, வெட்டிய எஞ்சின் ஓடாது. சிக்கல் என்னவென்றால், இதையெல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்குப் 'பயிற்சிப் பொருள்' என்றாலே 'பொம்மை' என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. அந்த எண்ணம் எந்த இடத்தில் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு ஜார்ஜியா நாட்டில் 1997-ல் நடந்த லிலோ விபத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே கிடந்தது டாங்கிப் பயிற்சிச் சாமான் அல்ல, கதிரியக்கப் பயிற்சிச் சாமான். ஆனால் டாங்கிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நடந்தது

லிலோ, ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியை ஒட்டிய இடம். சோவியத் காலத்தில் அங்கே ராணுவப் பயிற்சித் தளம் ஒன்று இருந்தது. அணுகுண்டுப் போர் வந்தால் என்ன செய்வது, கதிரியக்கம் படிந்த நிலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பாதுகாப்புப் பயிற்சியும் அங்கே நடந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. கொஞ்ச காலத்தில் படை கிளம்பிப் போனது, தளம் ஜார்ஜியாவின் கைக்கு வந்தது. பிறகு எல்லைக் காவல் படைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்களைப் பயிற்றுவிக்க அதே இடத்தைப் பயன்படுத்தினார்கள். புது நாடு, உள்நாட்டுச் சண்டையில் நொந்துபோன நாடு, கையில் காசு இல்லை. கட்டிடமும் மைதானமும் தயாராகக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

1997 வசந்த காலத்திலிருந்து கோடை வரை அங்கே ஒருவர் பின் ஒருவராகப் படுக்க ஆரம்பித்தார்கள். உடல் சோர்வு, குமட்டல், அப்புறம் தோலில் புண். புண் என்றால் சாதாரணப் புண் இல்லை: முதலில் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும், பிறகு தோல் கழன்று உள்ளே குழி விழும், எந்த மருந்து போட்டாலும் ஆறாது. சிலருக்கு அது தொடையின் மேல்பகுதியில், இடுப்பை ஒட்டி வந்தது. மருத்துவர்கள் இதைத் தோல் நோயாகவே முதலில் பார்த்தார்கள். நோய் தனித்தனி ஆட்களாக, வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு இடங்களில் புண்ணாக வந்தால் யாருக்கும் அதுதான் தோன்றும்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான் யாரோ ஒரு கதிரியக்க மீட்டரை எடுத்துக்கொண்டு முகாமுக்குள் நடந்தார்கள். அதன்பின் வாரக்கணக்கில் தேடல். மூலம் என்றால் கதிரியக்கப் பொருளை உள்ளே அடைத்து மூடிய சின்ன உலோகக் குப்பி. மொத்தம் 12 சீசியம்-137 மூலங்கள் கிடைத்தன, ஒரு கோபால்ட்-60 மூலம் கிடைத்தது, இவை போக ரேடியம்-226 பூசிய சின்னச் சின்னத் துண்டுகள் 200 கிடைத்தன. அக்டோபர் 9 அன்று ஜார்ஜிய அரசு சர்வதேச அணுசக்தி முகமையிடம் உதவி கேட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 11 பேர் என்று கணக்கு நின்றது. அவர்களைப் பிரான்சிலும் ஜெர்மனியிலும் உள்ள சிறப்பு மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். முகமை 2000-ம் ஆண்டில் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

கிடைத்த சீசியம் மூலங்களில் ஒன்று இருந்த இடம்தான் இந்த வழக்கை மறக்க முடியாததாக ஆக்குகிறது. அது ஒரு ஜாக்கெட்டின் பையில் இருந்தது. குளிர்கால ராணுவ ஜாக்கெட், யாருக்கும் சொந்தமில்லை, தேவைப்பட்டவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது.

பைக்குள் இருந்ததன் கணக்கு

அந்தக் குப்பியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தபோது, இயற்கையாக எங்கும் இருக்கும் கதிர்வீச்சைப் போல 1,30,000 மடங்கு காட்டியது. இந்த எண்ணை அப்படியே படித்துவிட்டுப் போனால் 'ஏதோ பெரிய எண்' என்று மட்டும்தான் மனதில் நிற்கும், கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை சீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். இயற்கை அளவு மணிக்கு சுமார் 0.1 மைக்ரோசீவர்ட் என்று வைத்தால், ஒரு மீட்டரில் மணிக்கு 13 மில்லிசீவர்ட் வருகிறது. பொதுமக்களுக்கு ஒரு வருடத்துக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். அதாவது அந்த ஜாக்கெட் மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் அரட்டை அடித்தாலே வருடக் கோட்டா முடிந்தது.

இது ஒரு மீட்டரில். கதிர்வீச்சு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தூரம் பத்தில் ஒரு பங்கானால் அளவு நூறு மடங்கு. பத்து சென்டிமீட்டரில் மணிக்கு 1.3 சீவர்ட். பையில் இருக்கும் குப்பிக்கும் தொடைத் தோலுக்கும் நடுவே துணியும் இடைவெளியுமாக இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு முப்பதைத் தாண்டுகிறது. இது என்னுடைய தோராயக் கணக்கு, குப்பியை ஒரு புள்ளியாக நினைத்துப் போட்டது. ஆனால் தோல் சிவக்க சுமார் 3 கிரே (காமா கதிருக்கு ஒரு கிரேயும் ஒரு சீவர்ட்டும் ஒன்றுதான்) போதும், ஆறாத புண்ணாக 20-25 கிரே போதும் என்னும்போது, ஒரு இரவுக் காவல் முறை முடிவதற்குள் அந்த ஜாக்கெட் என்ன செய்திருக்கும் என்று புரிகிறது.

அதே இருமடி விதிதான் அவர்களைக் காப்பாற்றியதும். தொடையில் வெந்துபோகும் அளவுக்கு வாங்கினாலும், முப்பது சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் உறுப்புக்கு அதில் இருநூறில் ஒரு பங்குதான் போகும். உடம்பு முழுக்க ஒரே சீராக அந்த அளவு விழுந்திருந்தால் சிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு விஷயம், மருத்துவர்கள் ஏன் தடுமாறினார்கள் என்பதற்கு. நெருப்புச் சூடு பட்டால் அந்த நொடியே தெரியும், கையை இழுத்துக்கொள்வோம். கதிர்வீச்சுச் சூடு அப்படி இல்லை. படும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரத்தில் லேசாகச் சிவந்து மறையலாம், அதையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் எதுவுமே இல்லை. அதன்பின் தோலின் அடியில் புதிய செல்களை உண்டாக்கும் அடுக்கு செத்துவிட்ட செய்தி மேலே வந்து சேரும். அந்த நேரத்தில் அந்தப் பையன் ஜாக்கெட்டைக் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுத்து மாதம் ஆகியிருக்கும். புண்ணையும் ஜாக்கெட்டையும் முடிச்சுப் போட யாருக்கு வரும்? ஒரே முகாமிலிருந்து ஒரே மாதிரிப் புண்ணோடு நான்கைந்து பேர் வரிசையில் நிற்கும்வரை வராது. அதனால் மருத்துவர்களைத் திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மாதக்கணக்கில் தாமதம் என்பது உண்மை, ஆனால் இது தனி ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் நோயே இல்லை.

ஏன் அவ்வளவு வலுவான மூலம்?

இந்தக் கேள்வியில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். பயிற்சிக்குத்தானே, கொஞ்சம் பலவீனமாக வைத்திருக்கக் கூடாதா?

கூடாது என்பதுதான் பதில். துப்பாக்கிப் பயிற்சிக்கு வெற்றுத் தோட்டா போதும், குண்டு ஏற்றிப் பழக மரக்கட்டை போதும். எடை சரியாக இருந்தால் கை பழகிவிடும். கதிரியக்க மீட்டரை அப்படி ஏமாற்ற முடியாது. முள் அசைய வேண்டுமென்றால் உண்மையான காமா கதிர் வேண்டும். சோவியத் படை பரவலாகப் பயன்படுத்திய டிபி-5 என்ற மீட்டரின் மேல்வரம்பு மணிக்கு 200 ராண்ட்ஜன் (பழைய அலகு, சுமார் நூறு ராண்ட்ஜன் ஒரு சீவர்ட்). அணுகுண்டு விழுந்த நிலத்தில் நடப்பவனுக்கான கருவி, அதனால் அந்த வரம்பு. அந்த உயர் வரம்பில் முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் எதிரில் அதற்கு ஏற்ற வலுவில் ஒன்றை வைக்க வேண்டும். லிலோவின் பெரிய மூலத்தின் வலு 164 கிகாபெக்கரல் (மூலத்தின் வலுவை அளக்கும் அலகு). மேலே போட்ட கணக்கையே ராண்ட்ஜனுக்கு மாற்றினால், பத்து சென்டிமீட்டரில் மணிக்கு 130 ராண்ட்ஜன் வருகிறது. பொருந்திப் போகிறது பாருங்கள். யாரோ திட்டமிட்டு, வேலைக்குத் தகுந்த அளவில்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

டாங்கிக்காரர்களுக்குப் பங்கு உண்டு என்று சொன்னேன் இல்லையா. 1958-ல் வந்த டி-55 அணுகுண்டுத் தாக்குதலை மனதில் வைத்து வடிவமைத்த டாங்கி. காமா கதிரின் வீச்சை உணர்ந்ததும் காற்றுத் துவாரங்களைத் தானாக அடைத்து, எஞ்சினை நிறுத்தி, உள்ளே இருக்கும் நால்வரையும் மூடிவிடும் அமைப்பு அதில் உண்டு. டி-72-லும் கதிரை உணரும் கருவி உண்டு. இந்தக் கருவிகளும் மீட்டர்தான், இவற்றையும் யாரோ எங்கோ உண்மையான மூலத்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அதனால் கவசப் படை இருந்த பழைய தளத்தில் பூட்டிய ஈயப் பெட்டியைப் பார்த்தால், 'டாங்கி முகாமில் இதெல்லாம் எங்கே இருக்கப் போகிறது' என்று நினைக்க வேண்டாம்.

அந்த 200 ரேடியம் துண்டுகளின் கதை வேறு. அவை இருட்டில் குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கிக் குறிகாட்டிகளில் வைத்தவை. ரேடியத்தைத் துத்தநாக சல்பைடோடு கலந்து பூசினால் இரவில் தானாக ஒளிரும். கைக்கடிகார முகப்புகளில் 1910-களிலிருந்தே இந்த வேலை நடந்தது. பழைய டாங்கிகளுக்குள் திசைகாட்டி, அளவுமானி என்று பல முகப்புகளில் இதே பூச்சைப் பார்க்கலாம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு, பழைய சாமான் சேகரிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: அந்தப் பூச்சு சில பத்தாண்டுகளில் ஒளிர்வதை நிறுத்திவிடும். காரணம் ரேடியம் தீர்ந்துபோவது இல்லை. ரேடியத்தின் கதிர் அடித்து அடித்துத் துத்தநாக சல்பைடு கெட்டுப்போகிறது, அவ்வளவுதான். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருடம் ஆகும். 'இப்போது ஒளிரவில்லை, செத்துப்போச்சு' என்று நம்பி அந்த முகப்பைத் திருப்புளியால் நோண்டி எடுத்து வீட்டு மேசையில் வைப்பவர்கள், உதிரும் தூளை மூச்சில் இழுக்கிறார்கள். முகப்பைத் தொடாமல், கண்ணாடி உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. நோண்டினால்தான் வினை.

புதிய டாங்கிகளும் விதிவிலக்கு இல்லை. அமெரிக்க எம்1 டாங்கியின் குழல் முனையில் பீரங்கி வளைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் சின்னக் கருவி உண்டு, அதில் வெளிச்சத்துக்கு டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்திருக்கிறது. டிரிட்டியம் வெளியே இருந்து சுடாது, உடைந்து உள்ளே போனால்தான் தொல்லை.

யார் தப்பு

குப்பியை ஜாக்கெட் பையில் போட்டவன் யார் என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. பளபளப்பான சின்ன உலோக உருளையைக் கண்டால் மனிதன் பையில்தான் போடுவான். பெரு நாட்டின் யனாங்கோவில் 1999 பிப்ரவரியில் ஒரு வெல்டர் தரையில் கிடந்த இரிடியம்-192 மூலத்தை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார், கடைசியில் ஒரு காலை இழந்தார். பிரேசிலின் கோயானியாவில் 1987-ல் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியைப் பிரித்தவர்கள் உள்ளே இருந்த சீசியம் தூள் நீலமாக ஒளிர்வதைப் பார்த்து அழகாக இருக்கிறதென்று உறவினர்களுக்குப் பங்கு வைத்தார்கள், நான்கு பேர் செத்தார்கள். அங்கே இருந்தது லிலோவின் பெரிய மூலத்தைப் போல முந்நூறு மடங்கு, போதாக்குறைக்குத் தூளாகக் கொட்டியது. லிலோ குப்பிகள் மூடியபடியே இருந்ததால் கதிர் மட்டும் வெளியே வந்தது, பொருள் பரவவில்லை. அந்த வகையில் தப்பித்தார்கள்.

என் பார்வையில் தப்பு, சாவி கைமாறிய அன்றைக்கே நடந்துவிட்டது. ராணுவத்தில் ஒரு கரண்டி குறைந்தால்கூடப் பதிவேட்டில் விளக்கம் எழுத வேண்டும். ஆனால் ஒரு நாடே கலைந்துபோகும் நேரத்தில் பதிவேடு எங்கே போனது, அதைப் படிக்கத் தெரிந்த ஆள் எங்கே போனார் என்று கேட்க ஆள் இல்லை. கட்டிடம் வந்தது, மைதானம் வந்தது, கிடங்கு வந்தது. கிடங்கில் என்ன இருக்கிறது என்ற தாள் மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் அது கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம்! அங்கே ஒரு காலத்தில் பாடம் படித்த யாராவது ஒருவர் புதிய பையன்களோடு இருந்திருந்தால், அல்லது அந்தப் பாடத்துக்கான மீட்டர்களில் ஒன்று பேட்டரியோடு இருந்திருந்தால், இரண்டாவது ஆளின் புண்ணோடு கதை முடிந்திருக்கும்.

எச்சரிக்கைக் குறியும் ஒரு பிரச்சினை. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் போன்ற அந்தக் குறி படித்தவர்களுக்கு மட்டும்தான் பேசும், தெரியாதவருக்கு அது மின்விசிறி. சர்வதேச அணுசக்தி முகமை 2007-ல் கூடுதலாக ஒரு குறியைக் கொண்டுவந்தது: சிவப்பு முக்கோணம், மேலே கதிர் அலைகள், கீழே மண்டையோடும் ஓடும் மனிதனும். ஆபத்தான மூலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொன்னார்கள். நல்ல வேலை. ஆனால் சுண்டுவிரல் அளவுக் குப்பி பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டால் அதில் எதை ஒட்டுவது?

ஜார்ஜியாவில் இந்தக் கதை லிலோவோடு முடியவில்லை. 2001 டிசம்பரில் லியா என்ற கிராமத்துக்குப் பக்கத்துக் காட்டில் விறகு எடுக்கப் போன மூன்று பேர், சுற்றிலும் பனி உருகிக் கிடந்த இரண்டு சூடான உருளைகளைப் பார்த்து, இரவில் குளிர்காய அருகில் வைத்துக்கொண்டார்கள். அவை கதிரியக்க ஸ்ட்ரான்சியத்தின் சூட்டில் மின்சாரம் தரும் சோவியத் காலத்து மின்கலங்களின் உள்ளுறுப்பு. அதன்பின் மலைக்காடுகளில் ஆள்விட்டு மீட்டரோடு தேட வேண்டியதாயிற்று.

சரி, இன்றைக்கு ஒரு படைப்பிரிவு இப்படியொரு பழைய தளத்துக்குள் நுழைகிறது என்றால் என்ன செய்ய வேண்டும்? கட்டில் போடுவதற்கு முன்னால் மீட்டரோடு ஒரு சுற்று. கிடங்கு, குப்பைமேடு, சிகரெட் பிடிக்கும் இடம், மைதானத்தின் ஓரம், ஆணியில் தொங்கும் பழைய துணிகள் வரை. அளவுக்கு மீறிக் கனமான சின்னப் பெட்டி, காரணமில்லாமல் வெதுவெதுப்பான உலோகம், எழுத்துப் பொறித்த உருளை எதையும் கையால் எடுக்கக் கூடாது, விலகி நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். டாங்கிக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முகப்புகளைக் கழற்றிப் பையில் போடும் ஆசை வேண்டாம். முகாமில் ஒரே மாதிரி ஆறாத புண் இரண்டு பேருக்கு வந்தால் மருந்தை மாற்றுவதற்கு முன் மீட்டரைக் கேளுங்கள்.

சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருடம். அந்த மீட்டர் 1997 ஆகஸ்டில் லிலோவுக்குள் போகாமல், அந்த ஜாக்கெட் அதே ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்திருந்தால், 2027-ல் அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இயற்கை அளவைப் போல 65,000 மடங்கு கிடைத்துக்கொண்டிருக்கும்.